கடையில் நீட்டும் ஓசி சாம்பிள்

குடிநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது, பழைய கூட்டாளிகளோடு கொஞ்ச நாள் சேர வேண்டாம், மதுக்கடைப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்பதுதான். பலரும் கேட்டு நடக்கிறார்கள். ஆனால் பாலும் சோப்பும் விற்கிற கடைக்குள்ளேயே மேஜை போட்டு, சின்னக் கோப்பையில் விஸ்கியை ஊற்றி, "சும்மா ஒரு வாய் பாருங்க சார்" என்று நீட்டினால் அவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார்?

என்னிடம் வரும் ஒருவர் மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்தவர். ஒரு நாள் கடையில் இப்படி நீட்டிய சாம்பிளைக் குடித்துவிட்டார். அன்று குடிக்க நினைத்து வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. "காசு கொடுத்து வாங்கலையே டாக்டர், இது கணக்கில் வராதுன்னு நினைச்சேன்" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது கையில் முழு பாட்டில் இருந்தது. குடித்துப் பழகிய மூளையில் ஏக்கத்தைக் கிளப்ப வாசனையே போதும். ஒரு வாய் உள்ளே போய்விட்டால், நிறுத்துவது இன்னும் கஷ்டம். இதற்காக அவரை மன உறுதி இல்லாதவர் என்று வீட்டார் திட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து வேறு விதம். மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை மேலும் சிதைய விடாமல் அந்த மருந்து தடுக்கிறது. அதனால் கொஞ்சம் குடித்தாலே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கவும் கூடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை இப்படி ஆகலாம்.

சரி, மற்றவர்களுக்கு? 40 சதவீதம் ஆல்கஹால் உள்ள மது 15 மில்லி என்றால் சுமார் 5 கிராம் ஆல்கஹால். நாலு வகையை ருசி பார்த்தால் கிட்டத்தட்ட 20 கிராம் ஆகிவிடும். அதோடு வண்டியை எடுக்கிறார்கள்! தொழில்முறையில் ஒயின் ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள். கடைக்கு வருபவர் விழுங்கிவிடுகிறார். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. சாம்பிள் மேஜையை வாசலிலும் பில் போடும் இடத்திலும் வைக்காதீர்கள். தேடி வருபவருக்குத் தனி இடத்தில் கொடுங்கள், போகிறவரைக் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள்.

குடியை விட்டவர்கள் அந்த மேஜையைப் பார்த்ததும் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாலும் தப்பில்லை. ஒரு வாய் உள்ளே போய்விட்டதா? அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மறைக்காமல், அன்றைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள்.