ஒரு டிகிரிகூடச் சாயக் கூடாத கோபுரம்

லண்டனின் பிடி டவர் (BT Tower) என்ற கோபுரத்தை ஒரு ஹோட்டல் நிறுவனம் 27.5 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. உச்சியில் முன்பு இருந்த சுழலும் உணவகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் தொலைபேசிப் பேச்சையும் தொலைக்காட்சிப் படத்தையும் நுண்ணலை (மைக்ரோவேவ்) என்ற ரேடியோ அலையில் ஊர்விட்டு ஊர் அனுப்பக் கட்டிய கோபுரம் அது. 1961இல் வேலை தொடங்கியது. 1965 அக்டோபர் 8 அன்று பிரதமர் ஹரால்ட் வில்சன் திறந்துவைத்தார். உயரம் 177 மீட்டர், மேலே நின்ற கம்பத்தோடு 189.

ஏன் இவ்வளவு உயரம்? 4 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் அலைநீளம் 7.5 செ.மீ. ஏறக்குறைய ஒளியைப் போல நேராகத்தான் போகும். எதிர்முனை 50 கி.மீ. தள்ளி இருந்தால் நடுவழியில் பூமி சுமார் 37 மீட்டர் புடைத்து நிற்கும். காற்றுமண்டலம் அலையைக் கொஞ்சம் கீழே வளைத்து உதவுவதையும் சேர்த்த கணக்கு இது.

எதிர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. இரு முனையும் கூம்பி நடுவில் பெருத்த வெள்ளரிக்காய் போன்ற ஒரு வெளி அதற்கு வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். நம் 50 கி.மீ. பாதையில் அதன் நடு ஆரம் 31 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 18 மீட்டராவது, தடையின்றி இருக்க வேண்டும். ஒரு மலைமுகடோ கூரை விளிம்போ நேர்கோட்டை வெறுமனே தொட்டால்கூட, எதிர்முனை கண்ணுக்குத் தெரியும்போதே, கால்பங்கு சக்திதான் போய்ச்சேரும். பூமியின் புடைப்போடு கூட்டினால் 55 மீட்டர் ஆயிற்று. குன்றும் மரமும் லண்டனில் எழத் தொடங்கியிருந்த அடுக்குமாடிகளும் அதற்கு மேல்.

உயரம் கூடினால் ஆட்டமும் கூடும். 3 மீட்டர் அகல வாய் கொண்ட ஆன்டெனா வீசும் அலைக்கற்றை சுமார் 1.75 டிகிரி அகலம்தான். கோபுரம் ஒரு டிகிரி சாய்ந்தால், 50 கி.மீ. தள்ளிக் கற்றையின் மையம் ஏறக்குறைய 870 மீட்டர் விலகிவிடும். வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே போகும். அதனால்தான் காற்றை வழுக்கிவிடும் உருளை வடிவம். மணிக்கு 150 கி.மீ. காற்றிலும் உச்சி 25 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது என்பது வடிவமைப்பின் கணக்கு. அவ்வளவு நகர்ந்தாலும் சாய்வு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

கீழே 16 தளங்களில் கருவிகளும் மின்சார ஏற்பாடும். அதற்கு மேல் 35 மீட்டர் உயரத்துக்குச் சுவரில்லாத பகுதி. கொம்பு வடிவ ஆன்டெனாக்கள் அங்கேதான் இருந்தன. கருவியையும் ஆன்டெனாவையும் அலைவழிக் குழாய்தான் இணைக்கும். அது உள்ளீடற்ற உலோகக் குழாய். நீளம் கூடக்கூட அலை தேயும். உள்ளே ஈரம் கோத்தாலும் சமிக்ஞை கெடும் என்பதால் இத்தகைய குழாய்களில் உலர்காற்றை அழுத்தத்தோடு நிரப்பி வைப்பார்கள்.

ஒளியிழைக் கேபிள் (ஃபைபர்) வந்தபின் இந்த வேலை நிலத்தடிக்குப் போய்விட்டது. 2003இல் கோபுரம் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. ஆனால் பயனற்றுப்போன கொம்புகளைத் தாங்கும் அமைப்பு சிதையவே, 2011இல் அனுமதி பெற்றுக் கழற்றினார்கள். பாதுகாப்புக் காரணம் நியாயமானதே. ஆனாலும் ஒரு கொம்பையாவது பழுதுபார்த்து அதே இடத்தில் விட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த 35 மீட்டர் ஏன் காலியாக இருக்கிறது என்று கீழே நின்று பார்ப்பவருக்கு இப்போது தெரிய வழியில்லை.