நுண் கருந்துளை: நண்டு வளை மாதிரியா?

திருவையாறு பக்கம் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் கேட்டார், "ஏன் தம்பி, துளியூண்டு பிளாக் ஹோல் உள்ள வந்தாக்கூட பூமியவே தின்னுடுமாமே?" அவர் விவசாயி. ராத்திரி நண்டு வளையில் தண்ணீர் கசிய ஆரம்பித்தால் விடிவதற்குள் வரப்பு உடைந்து கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு, சின்னத் துளை என்றாலே பெரிதாகப் போகிற துளைதான்.

அந்தப் பயத்தில் பாதி சொல்லிலேயே இருக்கிறது. பிளாக் ஹோலுக்குத் தமிழில் கருந்துளை: கருமை + துளை. பசுமையும் தளிரும் பசுந்தளிர் ஆன மாதிரி 'மை' போய், தகரத்துக்கு இனமான 'ந்' வந்து சேர்ந்தது. இலக்கணம் சரி. ஆனால் துளை என்றால் இந்தப் பக்கம் நுழைந்தது அந்தப் பக்கம் வரவேண்டும் (நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்துக்குப் போடுகிறார்களே, அது துளை). கருந்துளைக்கு அப்படி ஒரு மறுபக்கம் கிடையாது, அதன் ஈர்ப்பு அவ்வளவு வலுவானது, உள்ளே போன ஒளிகூடத் திரும்பாது.

ஆங்கிலப் பெயர் 1964-லேயே அச்சில் வந்துவிட்டது, 1967-ல் இயற்பியலாளர் ஜான் வீலர் எடுத்துப் பேசிய பிறகுதான் நிலைத்தது. அதற்கும் முன்னால் ராபர்ட் டிக்கி என்ற இயற்பியலாளர் இதை 1756-ன் கல்கத்தா சிறையறையோடு ஒப்பிட்டுப் பேசுவாராம். அந்த அறைக்கும் இதே பெயர்தான். அங்கே 'ஹோல்' என்பது துளையே அல்ல, ஆளைத் தள்ளிப் பூட்டும் பாழறை. என்னைக் கேட்டால் 'இருட்டுச்சிறை' இன்னும் பொருந்தியிருக்கும், சிலர் எழுதும் 'கருங்குழி'யும் மோசமில்லை. ஆனாலும் கருந்துளை ஊன்றிவிட்டது, இனிப் பிடுங்க வேண்டாம்.

'மினி', 'மைக்ரோ' எல்லாவற்றுக்கும் 'நுண்' போதும், நுண்ணுயிர் போல. 'குட்டிக் கருந்துளை' என்றால் அளவு குழம்பும்: பூமி முழுவதையும் நசுக்கிக் கருந்துளை ஆக்கினாலே ஆரம் 9 மில்லிமீட்டர்தான், அதுவும் குட்டிதானே!

சரி, ஆபத்தா? 1974-ல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் போட்ட கணக்குப்படி இது நண்டு வளைக்கு நேர் எதிர். சிறிதாக ஆக வெப்பம் ஏறும், ஏற ஏற இன்னும் வேகமாகக் கதிர்வீச்சாக ஆவியாகித் தீரும். அந்தக் கதிர்வீச்சை யாரும் நேரில் அளந்ததில்லை என்பதால், 2008-ல் ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் மோதுவி (துகள்களை வேகமாக மோதவிடும் எந்திரம்) ஓடத் தொடங்கியபோது, அது நுண் கருந்துளையை உண்டாக்கிவிடும் என்று கிளம்பிய பீதிக்கு எனக்குப் பிடித்த பதில் வேறு: அந்த எந்திரத்தை மிஞ்சும் ஆற்றலோடு காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியிலிருந்து பாயும் துகள்கள்) 450 கோடி ஆண்டுகளாகப் பூமியையும் நிலாவையும் அடித்துக்கொண்டே இருக்கின்றன, இரண்டும் அப்படியே இருக்கின்றன.

விண்வெளியிலிருந்து வருவது? பேரண்டம் பிறந்த காலத்து நுண் கருந்துளைகள் இன்னும் மிஞ்சியிருக்கலாம் என்பது கருதுகோள், இதுவரை ஒன்றுகூடச் சிக்கவில்லை. அப்படி 100 கோடி டன் எடையில் ஒன்று வந்தாலும் அதன் அளவு, அணுக்கருவுக்குள் இருக்கும் ஒரு புரோட்டான் அளவுதான். விநாடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பூமியின் அந்தப் பக்கம் வெளியே போயிருக்கும்.