வெள்ளிக் கம்பியும் லாக் வயரும்: டிராக் ரேஸுக்குப் போகும் தம்பிகளுக்கு

இரண்டிரண்டு பைக்குகளாக நேர்கோட்டில் ஓட்டும் டிராக் ரேஸுக்கென்று சேலத்தில் ஓடுதளம் கிடையாது. ஆசைப்படுகிறவர்கள் வண்டியை மினி லாரியில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை வரை போகிறார்கள். கால் மைல், அதாவது 402 மீட்டர் நேராக ஓட்டுவதற்காக இவ்வளவு பயணம். ஆனால் பச்சை விளக்கைப் பார்ப்பதற்கு முன்னால் தொழில்நுட்பச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். அங்கே திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்றுதான் பலர் முன்கூட்டியே என் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்கள் செய்துகொண்டு வரும் ஏற்பாடுகளைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் எதையும் அப்படியே விட்டு அனுப்ப எனக்கு மனம் வராது.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி ஒருவரின் வீட்டில் கொலுசுத் தொழில். இன்ஜின் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டுக்கு லாக் வயர், அதாவது போல்ட் கழலாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி, கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். வந்த வண்டியைக் குனிந்து பார்த்தால் போல்ட் தலையில் வெள்ளிக் கம்பி பளபளக்கிறது! முறுக்கு ஒவ்வொன்றும் ஒரே அளவு, அச்சில் வார்த்தது போல. “வெள்ளி துருப்பிடிக்காது அல்லவா, அண்ணா?” என்றார். துருப்பிடிக்காதுதான். ஆனால் வெள்ளி மிருதுவான உலோகம். இன்ஜின் அதிர்வில் நீண்டு, தொய்ந்துவிடும். கம்பி தொய்ந்தால் போல்ட் கழலும். கழன்றால் சூடான ஆயில் கொட்டுவது உங்கள் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். அடுத்து ஓடவிருக்கும் ஜோடிக்கும் அதே தளம்தான். துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரிக்கும் ஊரில் எஃகுக் கம்பிக்கா பஞ்சம்? போல்ட் இறுகும் திசையில் கம்பி இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பிளையரைக் கொடுத்தேன். அதே கொலுசுக் கையால் எஃகையும் முறுக்கிக் காட்டினார். அத்தனை ஒழுங்கான லாக் வயரை நான் வேறு எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

லீவர் முனை விஷயம் இன்னொரு வகை. பிரேக், கிளட்ச் லீவர்களின் நுனியில் குறைந்தது 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு இருக்க வேண்டும் என்பது எஃப்.ஐ.எம். எனப்படும் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் விதி. ஒருவர் உடைந்த லீவரில் எம்-சீலை உருட்டி ஒட்டி, காலிப்பரால் அளந்தும் காட்டினார். அளவு மிகச் சரி! ஆனால் அந்தக் குண்டு லீவரோடு பிரிக்க முடியாத ஒரே பாகமாக இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. விழுகிற நேரத்தில் ஒட்டு பெயர்ந்தால் மிஞ்சுவது உடைந்த கூர்முனை. அது உடம்பில் இறங்கும். புது லீவர் வாங்க வைத்தேன்.

நான் மிகவும் கண்டிப்பாக இருப்பது கில் ஸ்விட்ச் கயிற்றில். ஓட்டுபவர் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டால், அவர் உடம்போடு பிணைத்த கயிறு இழுபட்டு இன்ஜின் அணைய வேண்டும். ஒரு தம்பி அதை மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றில் முடிச்சுப் போட்டிருந்தார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். நனைந்து நனைந்து இற்றுப்போன மஞ்சள் கயிறு பட்டென்று அறுந்தது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஆளில்லாத வண்டி எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்? அவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்குமேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கழன்று விழக்கூடிய எதுவும் வண்டியில் தொங்கக் கூடாது. எலுமிச்சை மிளகாய்ச் சரத்துக்கும் இது பொருந்தும். இதை அம்மாக்களிடம் சொல்லும்போது பக்குவமாகச் சொல்ல வேண்டும். “சரத்தை மினி லாரியில் கட்டுங்கள் அம்மா, வண்டிதான் அதற்குள் இருக்கிறதே” என்றால் ஒப்புக்கொள்கிறார்கள். சக்கரத்தில் எலுமிச்சை நசுக்குவதையும் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். புறப்படும் கோட்டில் டயருக்கு அடியில் ஈரம் ஆகாது.

ஹெல்மெட்டுக்குத் தின்னர் கலந்த பெயின்ட் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் ஓடு வலுவிழக்கும். பட்டையை மாட்டியபின் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள். தலையைவிட்டுக் கழன்றால் அது உங்கள் அளவு இல்லை.

சோதனைக்குப் பயந்து, கொண்டலாம்பட்டி பக்கம் நான்கு வழிச்சாலையிலோ ஏற்காட்டு அடிவாரத்திலோ இரவில் பந்தயம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே லாக் வயரைப் பார்க்க ஆளில்லை, ஆம்புலன்ஸ் காத்திருப்பதில்லை, எதிரே பால் வண்டி வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறைத் தண்டனையோ உண்டு. அந்தப் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்யக் கேட்டு வருகிறவர்களுக்கு என் பட்டறையில் ஒரு நட்டுகூட முடுக்கித் தர மாட்டேன்.

முறையான போட்டிக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே வாருங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களின் பிரேக் பேடை முதலில் கழற்றிப் பார்ப்பேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.