சேர்வருக்கு ரேம் வாங்கிவிட்டீர்கள், சரி. எந்த ஸ்லொட்டில் (ரேம் செருகுகிற இடத்தில்) போடப் போகிறீர்கள்?

சேர்வர் மெதுவாக ஓடுகிறது என்றால் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எல்லாரும் முதலில் சொல்வது, "ரேமைக் கூட்டுங்கோ". கூட்டலாம், பிழையில்லை. ஆனால் காலியாக இருக்கிற ஸ்லொட்டில் கைக்கு எட்டியதைப் பார்த்துச் செருகிவிட்டுப் போகிற வேலை இல்லை இது. வீட்டுக் கணினியில் அப்படிச் செய்து தப்பியிருப்பீர்கள், சேர்வர் அவ்வளவு லேசில் விடாது.

அரிசி ஆலை, பார்மசி, மொத்த வியாபாரக் கடை என்று நான் போய்த் திறக்கிறவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே பாவித்த சேர்வர்கள்தான், டிடிஆர்4 ரேம் போடுகிற, இன்டெலின் சியோன் இ5 என்ற சேர்வர் புரொசெசர் வகை, இரண்டு புரொசெசர். அதில் ஒவ்வொரு புரொசெசருக்கும் தனித்தனியாக 4 மெமரி சனல் (ரேமுக்கும் புரொசெசருக்கும் இடையில் தரவு போய்வரும் பாதை) உண்டு, ஒவ்வொரு ஸ்லொட்டும் ஏதோ ஒரு புரொசெசரின் ஏதோ ஒரு சனலுக்குச் சொந்தம். சம்மாந்துறைப் பக்கம் ஓர் ஆலையில் நான்கு 16 ஜிபி ரேமும் முதல் புரொசெசரின் பக்கத்திலேயே, அதுவும் இரண்டு சனலுக்குள் இரண்டிரண்டாக அடுக்கிக் கிடந்தன. திரையில் 64 ஜிபி என்று ஒழுங்காகத்தான் காட்டியது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் மற்ற இரண்டு சனலும் சும்மா கிடக்க, இரண்டாவது புரொசெசர் ஒவ்வொரு தரவுக்கும் முதலாவதைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது. புரொசெசருக்கு இரண்டு, சனலுக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டதும் மாதக் கணக்கு அறிக்கை எடுக்கிற நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது, ஒரு ரூபாய்க்கும் புதுச் சாமான் வாங்கவில்லை.

இதையே மனப்பாடமாக வைத்து எல்லா சேர்வருக்கும் செய்யாதீர்கள். 2017இல் வந்த சியோன் ஸ்கேலபிளில் சனல் 6, 2021இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 8. எந்த ஸ்லொட் முதலில், எது அடுத்தது என்ற படம் பெரும்பாலும் மூடியின் உட்பக்கமே ஒட்டியிருக்கும், மூடியைக் கழற்றி ஓரமாக வைக்கிறவர் அதைத் திருப்பிப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை வராது. இன்னொன்று, ஒரு புரொசெசர் மட்டும் உள்ள சேர்வரில் காலி சொக்கட் (புரொசெசர் பொருத்துகிற இடம்) பக்கத்து ஸ்லொட்டுகள் வேலை செய்யாது. அதில் செருகிப் பார்த்துவிட்டு "ரேம் பழுது" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கும்போது லேபலைப் படியுங்கள். 'பிசி4-2400டி' என்பதற்குப் பின்னால் ஆர் என்று தொடங்கினால் ரெஜிஸ்டர்ட், எல் என்றால் லோட் ரெடியூஸ்ட் (இரண்டும் சேர்வர் ரேம் வகைகள்), யூ என்றால் வீட்டுக் கணினி ரேம். இவற்றை ஒன்றோடொன்று கலந்தால் சேர்வர் எழும்பாது, ஸ்லொட்டில் அழகாகப் பொருந்தினாலும் எழும்பாது. வேகம் வேறுபட்டால் எழும்பும், ஆனால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

திறப்பதற்கு முன் இரண்டு பவர் வயரையும் கழற்றுங்கள், சேர்வரை நிறுத்தினாலும் வயர் இருக்கும் வரை போர்டில் கரண்ட் இருக்கும். உடம்பில் சேருகிற நிலைமின்சாரம் ரேமைப் பழுதாக்கிவிடும், நம்முடைய கடற்கரை ஈரப்பதத்தில் அது எங்கே வரப்போகிறது என்று கேட்பார்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களிலும் ஏசி அறைக்குள்ளும் காற்று எவ்வளவு வரட்சி என்று யோசித்துப் பாருங்கள், அந்த மின்சாரத்தைக் கடத்திவிடுகிற கைப்பட்டி ஒன்று கட்டிக்கொள்வதில் என்ன நட்டம்? கல்லடிப் பக்கம்போல் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றால் ரேமின் பொன்முனைகள் மங்கும். அதற்கு அழிறப்பரால் தேய்க்கிற பழக்கம் வேண்டாம், அந்தப் பொன்பூச்சு மெல்லியது. ஐசோபுரொப்பைல் அல்கஹோலும் பஞ்சு வராத துணியும் போதும். காலி ஸ்லொட்டுகளில் வெறும் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தால் அவற்றைக் குப்பையில் போடாதீர்கள், காற்று புரொசெசர் பக்கம் ஒழுங்காகப் போகத்தான் அவை.

புது ரேம் போட்டு முதல் தடவை எழுப்பும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும், ரேமை அது அளந்து பழகுகிற நேரம் அது, பயந்துபோய் வயரை இழுக்காதீர்கள். எழும்பியதும் மொத்த அளவையும் வேகத்தையும் பயோஸில் (சேர்வர் எழும்பும்போது திறக்கிற அமைப்புத் திரையில்) பாருங்கள். பிறகு ஒருநாள் முன்பக்கம் மஞ்சள் விளக்கு எரிந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காமல் (செய்கிறார்கள்!) சேர்வரின் பிழைப் பதிவேட்டில் எந்த ஸ்லொட் என்று பார்த்து, அந்த ரேமை வேறு ஸ்லொட்டுக்கு மாற்றிப் போடுங்கள். பிழை ரேமோடு கூடவே போனால் ரேம்தான் பழுது. பழைய ஸ்லொட்டிலேயே நின்றால் ஸ்லொட்டோ புரொசெசர் சொக்கட்டின் ஊசியோ, அதற்காக ரேம் விற்ற கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை.