அன்று இரவு உங்களோடு யார் இருப்பார்கள்?

மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கருக்கலைப்புக்கு வருபவர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்போ பின்போ என் மேசைக்கு வருவார்கள். எல்லோரிடமும் தவறாமல் ஒன்று கேட்பேன்: "மாத்திரை போட்டுக்கிற அன்னிக்கு ராத்திரி உங்க கூட யாரு இருப்பாங்க?"

நாள் தள்ளிப்போன கணக்கு, ஸ்கேன் ரிப்போர்ட், செலவு என்று அதுவரை நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் உடைவார்கள். (இங்கே சொல்லும் எவருடைய அடையாளமும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தக் கேள்விக்கு முதலில் ஒரு மருத்துவக் காரணம் உண்டு. ஒன்பது வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் மாத்திரைதான். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு சில மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுக்கும், மாதவிடாயைவிட அதிகமாக ரத்தம், கட்டி கட்டியாகப் போகும். குளிர் நடுக்கம்கூட வரலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் "ஆமா, மேடம் சொன்னாங்க" என்று தாங்கிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால், நடுராத்திரியில் பாத்ரூம் தரையில் உட்கார்ந்துகொண்டு செத்துவிடுவோமோ என்று பயப்படுவார்கள். மனக்காயம் என்று பின்னால் என்னிடம் வருவதில் பாதி, அந்த ராத்திரியின் பயம்தான்.

கூட இருப்பவருக்கும் சில விஷயங்கள் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டி நீடித்தாலும், வெள்ளைப்படுதலில் துர்நாற்றம் அடித்தாலும், மயக்கம் வந்தாலும் அப்படியே. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. யூரின் டெஸ்ட் சில வாரங்களுக்கு பாசிட்டிவ் காட்டலாம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பப்பாளி, எள்ளு, அன்னாசி எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டு, நாள் கடந்த பிறகு வருபவர்கள் இன்றும் உண்டு. அதைவிட எனக்குக் கவலை, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய அட்டையோடு வருபவர்கள்தான். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது காசு பறிக்க அல்ல.

சரி, சட்டம். "இது குற்றமில்லையா?" என்று படித்தவர்களே குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். 1971-லிருந்து இதற்கென்று சட்டம் இருக்கிறது. 20 வாரம் வரை, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். கருத்தடை தவறிப்போனதும் அதில் ஒரு காரணம்தான். 2021 திருத்தத்துக்குப் பிறகு, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழானவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் போன்றோருக்கு, இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை செய்யலாம். திருமணமாகாதவர்களையும் இதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. 18 வயது நிரம்பியவருக்கு அவருடைய கையெழுத்து மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. காப்பர் டி போட்டுக்கொண்டால்தான் செய்வோம் என்றும் சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் விவரத்தை டாக்டர், சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் சொன்னால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இந்தக் கடைசி வரியைக் கேட்ட பிறகுதான் சிலர் தங்கள் உண்மையான பெயரையே சொல்வார்கள்.

இன்னொரு கேள்வியைத் தனியாக இருக்கும்போதுதான் கேட்பேன். மாமியாரையோ அம்மாவையோ பில் கட்ட அனுப்பிவிட்டு, "இது நீங்களா எடுத்த முடிவாம்மா?" என்பேன். ஒரு பெண் பதிலே சொல்லாமல் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று எதுவும் செய்யவில்லை. யோசித்துவிட்டு வரச் சொன்னோம், வாரக் கணக்கில் இன்னும் இடம் இருந்தது. அவர் திரும்பி வந்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. தானே முடிவெடுத்தவர்களையும் மற்றவர்கள் தள்ளிக்கொண்டு வந்தவர்களையும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் முகத்திலேயே தெரியும்.

முடிந்த பிறகு என்ன உணர்வு வரும் என்று முன்னாலேயே சொல்ல முடியாது. நிம்மதி வரலாம், அழுகை வரலாம், ஒரே மத்தியானத்தில் இரண்டும் வரலாம். "எனக்கு நிம்மதியா இருக்கே, நான் கெட்டவளா?" என்று ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பெண்களிடம் கேட்டுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எடுத்த முடிவு சரியென்றே சொன்னார்கள். அவர்கள் அதிகம் சொன்ன உணர்வு நிம்மதிதான். இங்கே ஊரும் வீடும் வேறு, அதை அப்படியே இறக்குமதி செய்ய மாட்டேன். ஆனால் நிம்மதியாக இருப்பது விபரீதமில்லை என்று சொல்ல அது எனக்கு உதவுகிறது.

ஆசைப்பட்டுச் சுமந்த குழந்தையை இழப்பவர்களின் கதை வேறு. ஐந்தாம் மாத ஸ்கேனில் பெரிய குறை தெரிந்து, வேறு வழியில்லாமல் கலைப்பவர்கள். "நீயே சம்மதிச்சுதானே பண்ணினே" என்று அவர்களுடைய துக்கத்தை யாரும் துக்கமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அப்படி வந்த ஒருவர் மூன்றாம் நாள் போன் செய்தார். பேச்சே வரவில்லை. பால் கட்டியிருந்தது. அந்த மாதத்தில் கலைந்தால் பால் சுரக்கலாம், நிறுத்த மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேட்கலாம். இதை டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லாமல் விட்டது அது. அன்றிலிருந்து இந்த நிலையில் வருபவர்கள் ஒருவரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. அவர் கணவர் எங்கள் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, பத்தியம், வெந்நீர் எல்லாம் உண்டு. கலைத்தவள் மறுநாளே அடுப்படியில் நிற்கிறாள், ஏனென்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது. மகப்பேறு பயன் பற்றிய சட்ட விதிகள் பொருந்தும் இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, டாக்டரின் சான்றிதழ் கொடுத்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் காரணம் எழுதக் கூசி, வைரல் காய்ச்சல் என்று மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அழுகை வாரக்கணக்கில் ஓயாமல் இருந்தால், தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனால், சாகலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. தமிழ்நாட்டில் 104-உம் இருக்கிறது. வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181. குழந்தை பிறந்திருக்க வேண்டிய தேதி வரும்போது மறுபடி கனக்கலாம், அதற்கும் பேசலாம்.

போன வருடம் வந்த ஒருவரிடம் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். யாருமில்லை என்றார். கணவருக்கு நைட் ஷிஃப்ட், அம்மாவிடம் சொல்ல முடியாது. மெதுவாக ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே போனோம். கடைசியில், தயங்கித் தயங்கி, நாத்தனாரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பதினைந்தாம் நாள் பரிசோதனைக்கு இருவருமே வந்தார்கள். அன்று ராத்திரி முழுக்க நாத்தனார் சுடுநீர்ப் பை மாற்றி மாற்றி வைத்தாராம், காலையில் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாராம்.

அடுத்த மாதம் நாத்தனார் தனியாக வந்தார். 2009-ல் தனக்கு நடந்ததைப் பேச வேண்டும் என்றார்.