கப்பலில் ஏதாவது கண்ணை உறுத்தினால் அப்போதே சொல்லுங்கள்

வேலூரில் கடல் இல்லைதான். ஆனால் 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் போக ஆரம்பித்த பிறகு, காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் எனக்குத் தெரிந்தே நாலைந்து குடும்பங்கள் போய் வந்துவிட்டன. கேட்டரிங் முடித்த பிள்ளைகளும் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறார்கள். ராணுவத்திலிருந்து வந்த பிறகு நான் 11 வருடம் பயணிகள் கப்பல்களில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன் என்பதால் கிளம்புவதற்கு முன் என்னிடம் விசாரிக்க வருவார்கள். சாப்பாடு எப்படி, வாந்தி வருமா, போன் வேலை செய்யுமா, இதுதான் கேள்வி. பாதுகாப்பைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மத்தியதரைக்கடல் பக்கம் ஒரு துறைமுகம், சாமான் ஏற்றும் நாள். காய்கறி, அரிசி மூட்டை, சலவைத் துணி என்று பக்கவாட்டுக் கதவு வழியாக ஃபோர்க்லிஃப்ட் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தது, வெளியாட்களும் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும். நாலரை மணிக்கு ஓர் ஆரணி அம்மா என்னைத் தேடி வந்தார். அமெரிக்காவிலிருக்கும் மகன் அழைத்து வந்திருந்தார், நான் நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்ததிலிருந்து தினமும் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். அன்றைக்கு மட்டும் தயங்கினார்.

"தம்பி, காலையில ஒரு பையனப் பார்த்தேன். மஞ்சக் கோட்டு, தலையில தொப்பி, எல்லாம் சரிதான். ஆனா கால்ல ரப்பர் செருப்பு. மத்தவங்க எல்லாம் பூட்ஸ்தானே போட்டிருக்காங்க?"

எனக்குச் சுரீரென்றது. சாமான் ஏற்றும் இடத்தில் பூட்ஸ் இல்லாமல் ஒருவரையும் விடமாட்டார்கள். எந்த இடம் என்று கேட்டேன். எட்டாம் தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், பயணிகள் போகக்கூடாது என்று எழுதியிருக்கும் கதவுக்குள் போனானாம். எத்தனை மணிக்கு? "டிபன் சாப்பிட்டு வரும்போது. ஒம்பது இருக்கும்."

ஏழரை மணி நேரம். அவர் அப்போதே வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர்தான் "நமக்கேன் வம்பு, அவங்க பார்த்துக்குவாங்க" என்று அடக்கிவிட்டார்.

கப்பலை நிறுத்தி வைத்து ஒவ்வொரு அறையாகத் தேடினோம், கிளம்ப இரண்டு மணி நேரம் தாமதம். துணி அடுக்கும் அறையில், படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. ஆயுதம் எதுவும் இல்லை, ஒரு தண்ணீர் பாட்டிலும் பாதி ரொட்டியும்தான். வேறு நாட்டுக்குப் போய்விடலாம் என்று ஏறியிருக்கிறான். பசியோடிருந்தவனுக்குச் சாப்பாடு கொடுத்துத் துறைமுக அதிகாரிகளிடம் ஒப்படைத்தோம். அப்புறம் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தால், ஒன்பது மணிக்குத் தெளிவாக இருக்கிறான். திரைக்கு முன்னால் இருந்தவரின் கண்ணுக்கு மஞ்சள் கோட்டுத்தான் பட்டிருக்கிறது. அந்த அம்மா தறி வீட்டில் பிறந்தவர், பாவில் ஓர் இழை அறுந்தாலும் அங்கேயே போய் நிற்கும் கண். அவருக்குச் செருப்பு பட்டது.

அவன் அப்பாவிப் பையன், சரி. எப்போதும் அப்படியே இருக்காது. 1985 அக்டோபர் 7-ஆம் தேதி எகிப்துக்கு அருகே அக்கிலே லாரோ என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல் கடத்தப்பட்டது. நான்கு பேர் ஜெனோவாவில் பயணிகளாகவே ஏறி, பல நாள் சக பயணிகளோடு பயணம் செய்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு முதியவரைச் சுட்டுக் கடலில் தள்ளினார்கள். நம்ம நாட்டிலும் 2008 நவம்பரில் மும்பைக்குப் பத்துப் பேர் கடல் வழியாகத்தான் வந்தார்கள். அவர்கள் ரப்பர் படகிலிருந்து இறங்கியதைப் பார்த்து, யார் நீங்கள் என்று முதலில் கேட்டவர்கள் மீனவர் குப்பத்து ஜனங்கள்தான்.

கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.பி.எஸ். என்ற சர்வதேச விதி 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நாடு விட்டு நாடு போகும் ஒவ்வொரு பயணிகள் கப்பலிலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி, அது வந்து நிற்கும் துறைமுகத்திலும் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர்கள் வேலையே நீங்கள் சொல்வதைக் கேட்பதுதான். நீங்கள் சொன்ன பிறகு பரபரப்பு எதுவும் தெரியவில்லை என்றால் கண்டுகொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். கப்பலில் ஒரு ரகசிய அலாரம் உண்டு, அழுத்தினால் கப்பலுக்குள் ஒரு சத்தமும் கேட்காது, கரைக்கு மட்டும் தகவல் போகும். எங்கள் வேலையில் பாதி அப்படித்தான், சத்தமில்லாமல் நடக்கும்.

சொல்லும்போது சுற்றி வளைக்க வேண்டாம். என்ன பார்த்தீர்கள், எந்தத் தளம், எத்தனை மணி, ஆள் எந்தப் பக்கம் போனார், அவ்வளவு போதும். பக்கத்தில் இருக்கும் எந்த ஊழியரிடமும் சொல்லலாம், அறையில் இருக்கும் போனில் அவசர எண் ஒட்டியிருக்கும். பை கிடந்தால் தொடாதீர்கள், திறந்து பார்க்கிறேன் என்று வீரம் காட்டவே வேண்டாம். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு எங்களிடம் சொல்லாமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யாராவது கடலில் விழுந்துவிட்டால் மட்டும் முறை வேறு: கத்துங்கள், மிதவை வளையத்தைத் தூக்கிப் போடுங்கள், விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை அவர் பக்கமே நீட்டிக்கொண்டு நில்லுங்கள். அலைக்கு நடுவில் ஒரு தலை ஒரு நொடியில் மறைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மனதில் தைத்த விஷயம். ஆம்பூரிலிருந்து வந்த ஒரு தோல் வியாபாரியின் குடும்பத்தைப் பற்றி ஒரே பயணத்தில் மூன்று முறை என்னிடம் புகார் வந்தது. அவர்கள் செய்த தப்பு தாடி வைத்திருந்ததும், பெண்கள் பர்தா போட்டிருந்ததும்தான். தாத்தா, பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர். மூன்றாவது முறை நான் அவர்கள் மேசைக்குப் போனபோது அந்தப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார், இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்காதீர்கள், என்ன செய்கிறார் என்று பாருங்கள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பது, கேமரா எங்கே இருக்கிறது என்று படம் எடுப்பது, காவல் எப்போது மாறும் என்று ஊழியர்களிடம் துருவுவது, இதெல்லாம் யார் செய்தாலும் சொல்லுங்கள்.

கரையில் இருக்கும்போது கடலோரமாக ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் 1093, கடலோரப் பாதுகாப்புக்கான எண். கடலில் ஆபத்தில் யாராவது இருந்தால் 1554, கடலோரக் காவல்படை எடுக்கும். ராணிப்பேட்டை, வாணியம்பாடியிலிருந்து துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டும் தம்பிகளும் இரண்டையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டீ குடிக்க இறங்கினால் திரும்பி ஏறுவதற்கு முன் கன்டெய்னர் கதவில் போட்ட சீல் அப்படியே இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், சீலில் இருக்கும் எண்ணையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

அந்த ஆரணி அம்மா மறுநாளே திரும்ப வந்தார். பத்தாம் தளத்துப் படிக்கட்டில் ஒரு பை தனியாகக் கிடக்கிறது என்றார், பக்கத்தில் அவர் வீட்டுக்காரரும் நின்றிருந்தார். போய்ப் பார்த்தேன், நீச்சல் குளத்துக்குப் போன ஒரு குழந்தையின் துண்டும் கண்ணாடியும். திரும்பி வந்து இருவருக்கும் நன்றி சொன்னேன்.