பிளோயரை நிறுத்தாதீர்கள்

சீசன் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "சார், பின்பக்கம் நாத்தம் தாங்கல. கெஸ்ட் எல்லாம் ரூம் மாத்தித் தரச் சொல்றாங்க. பொடி ஏதாவது இருந்தா உடனே அனுப்புங்க." ஓட்டல்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை, அதாவது எஸ்.டி.பி.க்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். இந்த மே மாதமும் அதே போன். இந்த முறை கொடைக்கானல்.

போய்ப் பார்த்தேன். அறைக்குள் எல்லாமே பசுமை. மூங்கில் பிரஷ், கண்ணாடிப் பாட்டிலில் குடிநீர், 'துண்டை மறுமுறையும் பயன்படுத்துங்கள், தண்ணீரைக் காப்போம்' என்று கட்டில் மேல் ஓர் அட்டை. நல்ல காரியங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பின்பக்கம், பிளோயர் என்ற காற்றூதும் இயந்திரம் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் தொட்டி, அதாவது ஏரேஷன் டேங்க், கன்னங்கரேலென்று கிடந்தது. ஒரு குமிழி இல்லை. விசாரித்தால், "பிப்ரவரியில கூட்டம் இல்ல சார். கரண்ட் பில் வீணா ஏறுதுன்னு முதலாளி பிளோயரை ஆஃப் பண்ணச் சொல்லிட்டார்" என்றார் மேனேஜர்.

கூட்டம் இல்லாத மாதத்தில் நிறுத்துவது, ராத்திரியில் நிறுத்துவது, அதிகாரி வரும் அன்று மட்டும் ஓட்டுவது. இந்த மூன்றையும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எஸ்.டி.பி.யை ஏதோ பெரிய ஃபில்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மோட்டாரைப் போட்டால் சுத்தம் செய்யும், நிறுத்தினால் சும்மா இருக்கும், மறுபடி போட்டால் மறுபடி வேலை செய்யும் என்று கணக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். அந்தத் தொட்டியில் வேலை செய்வது மோட்டார் இல்லை, கோடிக்கணக்கான பாக்டீரியா. பிளோயர் அவற்றுக்கு மூச்சு கொடுக்கிறது, அவ்வளவுதான். மாட்டை வாங்கிக் கட்டிவிட்டு, பால் கறக்கிற மாதத்துக்கு மட்டும் தீனி போடுவேன் என்றால் நடக்குமா? காற்று நின்ற சில மணி நேரத்தில் அவை திணற ஆரம்பிக்கும். நாள்கணக்கில் நின்றால் செத்து அழுகும். அந்த அழுகலின் நாற்றம்தான் கெஸ்ட் மூக்கில் ஏறுகிறது. மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் இன்னும் மெதுவாகத்தான் வளரும். அதுவரை வெளியே போவது சுத்திகரித்த தண்ணீர் அல்ல, மலம் கலந்த தண்ணீர். மலைச் சரிவில் விட்டால் அது ஓடைக்குப் போகும். அந்த ஓடையை நம்பிக் கீழே ஊர்கள் இருக்கின்றன.

சரி, மிச்சம் பிடித்தது எவ்வளவு? 5 எச்.பி. பிளோயர் நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 90 யூனிட். கூட்டம் குறைந்த நாட்களில் டைமர் போட்டு, விட்டு விட்டு ஓட்டலாம். வி.எஃப்.டி. என்ற, மோட்டார் வேகத்தை மாற்றும் கருவியைப் பொருத்தி வேகத்தைக் குறைக்கலாம். பில் கணிசமாகக் குறையும். ஆனால் நிறுத்தக் கூடாது. ஆளே இல்லாத நாட்களில் கொஞ்சம் வெல்லக் கரைசலும் சாணிக் கரைசலும் ஊற்றுங்கள், பாக்டீரியா பட்டினி கிடக்காது.

பொடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா பொடியைக் கொட்டினால் அதற்கும் மூச்சு கிடைக்காது. கிலோ கணக்கில் விற்பவர்கள் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது சமையலறை. நம் ஊர் ஓட்டல்களில் எண்ணெயைவிட மாவுதான் பெரிய தலைவலி. கிரைண்டர் கழுவிய தண்ணீரும் வடிகஞ்சியும் நேராக எஸ்.டி.பி.க்கு வந்தால், ஒரு ராத்திரியில் புளித்துப்போய்த் தொட்டியையே கெடுத்துவிடும். பாத்திரத்தில் ஒட்டிய மாவையும் சோற்றையும் வழித்து எடுத்த பிறகு கழுவச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் தடுத்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பை தினமும் வழித்தெடுக்க ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. டி.பி.சி., அதாவது திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களின் அளவு, 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. பயோடீசலுக்காக அதைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள், கொடுத்துவிடுங்கள். ஹவுஸ்கீப்பிங்கில் டாய்லெட்டுக்கு ஆசிட்டை வாளி வாளியாக ஊற்றுவதையும் நிறுத்துங்கள். லாண்டரி பிளீச்சுக்கும் இதேதான். கிருமியைக் கொல்வது தொட்டியில் இருக்கும் பாக்டீரியாவையும் கொல்லும்.

எஸ்.டி.பி. நலமாக இருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. பிளோயர் ஓடும்போது ஏரேஷன் டேங்கில் இருந்து ஒரு லிட்டர் தண்ணீரை அளவு ஜாடியில் எடுத்து, அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் சாக்லேட் நிறத்தில் 250 முதல் 350 மில்லி வரை படிந்து, மேலே தண்ணீர் தெளிவாக நின்றால் சரி. 100 மில்லிகூடப் படியவில்லை என்றால் பாக்டீரியா போதவில்லை. 500-ஐத் தாண்டினால் ஸ்லட்ஜை, அதாவது அடியில் படியும் அந்தச் சேற்றை, வெளியே எடுக்கும் நேரம் வந்துவிட்டது. இதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் போகும் ஓட்டல்களில் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான்.

ஒழுங்காக ஓடும் நிலையத்தின் தண்ணீரை வடிகட்டி, குளோரின் சேர்த்து ஃபிளஷ்ஷுக்கும் தோட்டத்துக்கும் கூலிங் டவருக்கும் விடலாம். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லாமல் பல ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. சில நிறுத்தியே விட்டன. அப்போதும் லாரித் தண்ணீரை ஃபிளஷ்ஷில் விட்டுக்கொண்டிருந்த இடங்களைப் பார்த்து வயிறு எரிந்தது. துண்டு அட்டையில் மிஞ்சுவதைவிட இதில் பல மடங்கு மிஞ்சும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. கொடைக்கானலில் நான் போய்ச் சேர்ந்தபோது, தொட்டியில் இறங்கி ஸ்லட்ஜை அள்ள இரண்டு பையன்களை வரவழைத்து வைத்திருந்தார்கள். நல்லவேளை, இறங்கவில்லை. காற்று நின்று அழுகிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு நிறைந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'இப்ப வாடை இல்லண்ணே' என்று இறங்குகிறவன் திரும்பி ஏறுவதில்லை. காப்பாற்றப் போகிறவனும் அப்படியே விழுகிறான். 2019 ஜூனில் குஜராத்தின் தபோய் அருகே ஒரு ஓட்டலில் இப்படி ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஓட்டல் ஊழியர்களும் உண்டு. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் மூன்று பேர். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். இறந்தால் 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரையும் இறக்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டிகளுக்கான உதவி எண் 14420-க்குப் போன் செய்து உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். லாரி வர இரண்டு நாள் ஆகும் என்றால், சீசனாகவே இருந்தாலும் இரண்டு நாள் அறைகளை மூடி வையுங்கள்.